சைலண்ட் வேலி போய் ஏமாந்து வந்தோம், உள்ளே நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா?

பீளமேட்டான்

மே கடைசியில் குடும்பத்தோடு கேரளாவில் இருக்கிற சைலண்ட் வேலி காட்டுக்குப் போய்வந்தேன். நான், வீட்டுக்காரம்மா, ஏழாவது படிக்கும் பையன், இரண்டாவது படிக்கும் பொண்ணு. புலம்பலாக இருந்தால் மன்னிக்கவும், எங்கேயாவது கொட்டித்தான் ஆக வேண்டும்.

கோவையிலிருந்து ஆனைகட்டி, கோட்டத்தரை, அகளி வழியாக முக்காலி. 70 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் வருகிறது. அங்கே பதிவு செய்துவிட்டு நம் காரை ஓரங்கட்டிவிட வேண்டும், அதற்குமேல் ஜீப்தான், கூட ஒரு வழிகாட்டி. முக்காலியிலிருந்து காட்டுக்குள் இருக்கிற சைரந்திரி 23 கிலோமீட்டர். அந்த ரோட்டில் போய் வந்ததில் என் இடுப்பு இன்னும் தனியாகத்தான் இருக்கிறது. போக, வர, நடுவில் நடக்க என்று மொத்தம் ஐந்து மணி நேரம். பார்த்தது என்ன என்று கேளுங்கள். ஒரு மலை அணில். ஒரு கருப்புக் குரங்கு, அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு. கொஞ்சம் யானைச் சாணி. மிச்சமெல்லாம் மரம், மரம், அதற்குப் பின்னால் இன்னொரு மரம்.

பேர் சைலண்ட் வேலி, ஆனால் சில்வண்டுச் சத்தம் காதைக் கிழித்துவிட்டது. பொண்ணு காலில் அட்டை கடித்து அழுதாள். பையன் திரும்பி வரும்போது "வ.உ.சி. பூங்காவில் இதைவிட அதிகமாகப் பார்த்தோமே" என்கிறான். என்ன பதில் சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள், அங்கே யாராவது உருப்படியாக எதையாவது பார்த்திருக்கிறீர்களா, இல்லை பார்த்ததாகச் சொல்லிக்கொள்கிறீர்களா?

டைகர்பிரியன்

தல, இதைத்தான் நான் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் முதுமலை, பந்திப்பூர், கபினி. தெப்பக்காட்டுப் பக்கம் ரோட்டில் சும்மா போனாலே புள்ளிமான் கூட்டம், மயில், அதிர்ஷ்டம் இருந்தால் யானை. சைலண்ட் வேலி பேருக்குத்தான் பெரிசு. நானும் ஒருமுறை போனேன், தூங்கிவிட்டேன்.

மழைக்காட்டுப்பூச்சி

பீளமேட்டான் சார், உங்கள் எரிச்சல் புரிகிறது. அதைக் காட்டின்மேல் காட்டாதீர்கள், அவ்வளவுதான்.

முதுமலையும் இதுவும் ஒரே நீலகிரியின் இரண்டு பக்கம், ஒற்றுமை அதோடு சரி. முதுமலையில் மழை குறைவு, கோடையில் மரங்கள் இலையைக் கொட்டிவிடும், வெயில் தரைவரைக்கும் வரும், தரையில் புல் முளைக்கும், புல் இருந்தால் மான் வரும், அது கூட்டமாக வெட்டவெளியில் நின்று மேயும், நீங்கள் வண்டியில் உட்கார்ந்தபடியே பார்ப்பீர்கள். இங்கே அப்படியில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொண்டுவந்து கொட்டுகிற பக்கம் இது. மரங்கள் மொத்தமாக இலை உதிர்ப்பதே கிடையாது. மேலே கிளைகளெல்லாம் பின்னிக்கொண்டு கூரை போட்டுவிடுவதால் கீழே நடுப்பகலிலேயே சாயங்காலம் மாதிரி இருக்கும். அந்த இருட்டில் புல் எங்கே முளைக்கும்? சாப்பாடு முழுவதும் மேலே, முப்பது மீட்டர் உயரத்தில். பூ, காய், கொழுந்து, பூச்சி எல்லாம் அங்கேதான். தின்கிறவர்களும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். குரங்கு, மலை அணில், இருவாச்சி, இரவில் பறக்கும் அணில்.

நீங்கள் ஐந்து மணி நேரமும் ஜீப்பிலிருந்து நேராகப் பார்த்துக்கொண்டே வந்திருப்பீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் வண்டி நிறுத்துகிற தளத்தை மட்டும் பார்த்துவிட்டு "இங்கே யாருமே இல்லை" என்று திரும்பிவந்த கதைதான்.

அது இருக்கட்டும். அந்தக் கருப்புக் குரங்கின் வால் எப்படி இருந்தது?

பீளமேட்டான்

வாலா? நல்லா நீளம். கிளையிலிருந்து கிணற்றுக் கயிறு மாதிரி நேராகத் தொங்கியது. உடம்பு பளபளவென்று கருப்பு, தலைமுடி மட்டும் செம்பட்டை. மொபைலில் எடுத்த படத்தில் ஒரு கரும்புள்ளிதான் தெரிகிறது. ஏன் கேட்கிறீர்கள்? சிங்கவால் குரங்கு என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேனே.

மழைக்காட்டுப்பூச்சி

சொந்தக்காரர்களிடம் திருத்தம் சொல்லிவிடுங்கள். நீங்கள் பார்த்தது நீலகிரி மந்தி, மலையாளத்தில் கரிங்குரங்கு. சிங்கவால் குரங்குக்கு, அதாவது நம்ம சோலைமந்திக்கு, முகத்தைச் சுற்றி வெள்ளி நரை மாதிரிப் பிடரி இருக்கும், வால் அவ்வளவு நீளம் இருக்காது, நுனியில் சின்னக் குஞ்சம் இருக்கும். அந்தக் குஞ்சம்தான் சிங்கவால். முக்கால்வாசிப் பேர் நீலகிரி மந்தியைப் பார்த்துவிட்டு சிங்கவால் என்றுதான் ஊருக்குப் போகிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறு எங்கேயும் காட்டில் கிடையாது.

ஓய்வுபெற்ற டீச்சர்

அந்த நீலகிரி மந்தியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். என் சின்ன வயதில் சந்தையில் கருங்குரங்கு லேகியம் என்று பாட்டிலில் வைத்து விற்பார்கள். ஆஸ்துமாவுக்கு நல்லது, பிள்ளைகளுக்குத் தெம்பு என்று எங்கள் வீட்டிலேயே வாங்கியிருக்கிறார்கள். நானும் தின்றிருப்பேன், யார் கண்டது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் அந்த வேட்டை அடங்கியது. இப்போது அது உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது என்றால், மனுஷனைப் பார்த்துவிட்டும் தலைதெறிக்க ஓடாமல் நின்றதே என்று சந்தோஷப்படுங்கள்.

வால்பாறை_வாசி

சோலைமந்திதான் பார்க்க வேண்டும் என்றால் எங்கள் ஊருக்கு வாருங்கள். புதுத்தோட்டம் எஸ்டேட் பக்கம் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்திருக்கும், ஜீப் வேண்டாம், வழிகாட்டி வேண்டாம்.

ஆனால் ஒன்று. அது கீழே வந்து உட்கார்ந்திருப்பது நல்ல சகுனம் இல்லை. சுற்றிலும் தேயிலை, நடுவில் நூறு ஹெக்டேர்கூட இல்லாத ஒரு துண்டுக் காடு, அதற்குள் கூட்டம் பெருகிவிட்டது. கிளைக்குக் கிளை தாவிப் போக மரம் தொடர்ச்சியாக இல்லை, அதனால் தரையில் இறங்கி ரோட்டைக் கடக்கிறது, வண்டியில் அடிபடுகிறது. பழைய தீயணைப்புக் குழாய்களை மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிப் பாலம் போட்டிருக்கிறார்கள், அதில் வரிசையாகப் போகும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். போன மாதம் எங்கள் சமையலறை ஓட்டைப் பிரித்துக்கொண்டு வந்து முட்டையை மட்டும் எடுத்துப் போய்விட்டது. பக்கத்திலேயே இருந்த தக்காளியைத் தொடவில்லை.

சைலண்ட் வேலியில் அது கண்ணில் படவில்லை என்றால், இறங்கி வர வேண்டிய தேவை அதற்கு இல்லை என்றுதான் அர்த்தம்.

அகளிக்காரன்

ஊர்க்காரன் என்பதால் நானும் சொல்கிறேன். நீங்கள் ஆனைகட்டி தாண்டி வரும்போது கவனித்தீர்களா? அகளி வரைக்கும் ஆடு, முள், செம்மண், கோவையை அப்படியே இழுத்து விட்டது போல இருக்கும். மலைக்குப் பின்பக்கம் என்பதால் மழை எங்களுக்குச் சரியாக வராது. முக்காலி நெருங்க நெருங்க வெயில் பச்சையாக மாறும், காற்றில் ஈரம் ஏறும். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இரண்டு ஊர் வானிலை.

முக்காலியில் ஓடுகிற ஆறு எது தெரியுமா? நம்ம பவானிதான். நீலகிரியில் பிறந்து கேரளாவுக்குள் இறங்கி, முக்காலிப் பக்கம் வந்ததும் என்ன தோன்றியதோ, சட்டென்று திரும்பிக் கிழக்கே தமிழ்நாட்டுக்கே போய்விடுகிறது. சைரந்திரியில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய குந்தி ஆறு அப்படியில்லை, தெற்கே இறங்கிப் பாரதப்புழையில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகிறது.

பேரைப் பற்றிச் சொன்னீர்கள். எங்களுக்கு அது சைரந்திரி வனம். விராடன் அரண்மனையில் ஒளிந்திருந்தபோது திரௌபதி வைத்துக்கொண்ட பேர் சைரந்திரி, ஆற்றுக்கு மாமியார் பேர், குந்தி. சைரந்திரி வெள்ளைக்காரன் வாயில் புகுந்து சைலண்ட் ஆனது என்பார்கள். சில்வண்டுச் சத்தமே இல்லாததால் அந்தப் பேர் என்றும் ஒரு கதை, அதற்கு உங்கள் காதே சாட்சி சொல்லிவிட்டது. சோலைமந்தியின் அறிவியல் பேர் மக்காக்கா சைலினஸ், அதிலிருந்து வந்தது என்று இன்னொரு கட்சி. எது சரி என்று சண்டை போட எனக்கு நேரமில்லை.

இன்னொன்று. வழிகாட்டியாக வருகிறவர்களில் பலர் இருளர், முடுகர், குறும்பர். அந்தக் காட்டிலேயே வளர்ந்தவர்கள். முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். நீங்கள் பேச்சுக் கொடுத்தால்தான் அவர்களும் பேசுவார்கள். "புலி வருமா, யானை வருமா" என்று கேட்டால் "வரும் சார்" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். "இந்த மரம் என்ன, இப்போது எது காய்த்திருக்கிறது, அதை யார் தின்பார்கள்" என்று கேட்டுப் பாருங்கள்.

ரெண்டு_யூனிட்

எல்லோரும் காட்டைப் பார்த்து உருகுகிறீர்கள், சரி. அங்கே அணை வரவேண்டியது, போராட்டம் செய்து நிறுத்தினார்கள். கரண்ட் இல்லாமல் ஏசி போட்டுக்கொண்டு இந்தப் பதிவெல்லாம் போட முடியுமா? ஒரு குரங்குக்காக ஒரு மாநிலத்தின் மின்சாரத்தை விட்டது எனக்கு இன்றுவரை புரியவில்லை. கடைசியில் இந்திரா காந்தி வந்து பூங்காவைத் திறந்துவைத்தார், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற டீச்சர்

தம்பி, கேள்வி கேட்கலாம், தப்பில்லை. வரலாற்றைச் சரியாகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். இந்திரா காந்தி 1984 அக்டோபர் 31 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது அதே ஆண்டு நவம்பர் 15. திறந்துவைத்தவர் ராஜீவ் காந்தி, 1985 செப்டம்பரில். அணை வேண்டாம் என்ற பக்கம் இந்திரா சாய்ந்தது உண்மை, பூங்காவைப் பார்க்க அவர் இல்லை.

திட்டக் குழு 1973-இல் அணைக்குச் சம்மதம் கொடுத்துவிட்டது. 830 ஹெக்டேர் போல மழைக்காடு தண்ணீருக்குள் போயிருக்கும், அதுவும் பள்ளத்தாக்கின் அடிமடியில் இருக்கிற காடு. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்கிற மக்கள் அறிவியல் அமைப்பின் ஆட்கள் ஊர் ஊராகப் போய்க் கணக்குப் போட்டுக் காட்டினார்கள், கவிஞர் சுகதகுமாரி போன்றவர்கள் தெருவுக்கு வந்தார்கள், பறவையியலாளர் சலீம் அலி குரல் கொடுத்தார். நம்ம கும்பகோணத்துக்காரர் எம்.எஸ்.சுவாமிநாதன் ஒன்றிய வேளாண்மைச் செயலாளராக இருந்தபோது போய்ப் பார்த்துவிட்டு அணையைக் கைவிடுங்கள் என்று எழுதினார். பச்சைப் புரட்சிக்காரரே அப்படிச் சொன்னதுதான் டெல்லியில் கனமாக விழுந்தது என்பது என் கருத்து. அப்புறம் விஞ்ஞானி எம்.ஜி.கே.மேனன் தலைமையில் குழு, 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. பத்து வருடச் சண்டை. குரங்கு ஒரு முகம்தான், பேனரில் போட வசதியாக இருந்தது.

ரெண்டு_யூனிட்

தேதி தப்பு, ஒப்புக்கொள்கிறேன். கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

அகளிக்காரன்

நண்பா, கோடையில் மண்ணார்க்காட்டுப் பக்கம் வந்து பாருங்கள். மற்ற ஆறெல்லாம் மணலாகக் கிடக்கும்போதும் குந்தியில் தண்ணீர் வரும். மேலே அந்தக் காடு பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விடுகிறது. நீங்கள் கோவையாக இருந்தால், வீட்டுக் குழாயில் சிறுவாணி வருகிறதென்றால், அதுவும் எங்கள் மலையிலிருந்துதான். கரண்ட்டுக்கு வேறு வழி நிறைய உண்டு.

பீளமேட்டான்

அணைச் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள் சாமிகளா. வீட்டுக்காரம்மா இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டு ஒன்று கேட்கச் சொன்னார்.

சைரந்திரியில் இருக்கிற பார்வைக் கோபுரத்திலிருந்து ஆற்றுக்கு இறங்குகிற வழியில் பொண்ணு ஒரு முள்ளுக்காயை மிதித்துவிட்டாள், செருப்பு அடியைத் துளைத்துக்கொண்டு ஏறிவிட்டது. அட்டையைவிட அதற்குத்தான் அதிகம் அழுதாள். நாங்கள் அவளைச் சமாதானப்படுத்துவதிலேயே இருந்தோம். வீட்டுக்காரம்மா அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறார். கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் பெரிசு, குட்டிப் பலாக்காய் மாதிரி, ஆனால் முள் ஒவ்வொன்றும் ஊசி. நாலைந்து கிடந்தன. எல்லாமே பிளந்து, உள்ளே காலி. பிளந்த இடம் காயாமல் ஈரமாக, வெளிர் மஞ்சளாக இருக்கிறது. என்ன காய் அது?

மழைக்காட்டுப்பூச்சி

சார்!!! அதுதான் வெடிப்பலா. டுரியானுக்குச் சொந்தம். அந்தக் காட்டில் சோலைமந்திக்கு வருடத்தில் பல மாதம் சோறு போடுகிற மரமே அதுதான். பூக்கிற காலத்தில் பூவைத் தின்னும், காய்த்தால் முள்ளோடு கையில் பிடித்துப் பிய்த்து உள்ளே இருக்கிற கொட்டையை எடுக்கும். எனக்கெல்லாம் கையுறை போட்டுக்கொண்டு தொடவே பயம். வெடிப்பலா நிறைய இருக்கிற இடத்தில்தான் இந்தக் குரங்கு நிறைய இருக்கும் என்கிற அளவுக்கு இரண்டுக்கும் ஒட்டு.

பிளந்த இடம் ஈரமாக இருந்தது என்றால் அன்றைக்குக் காலையில் தின்று போட்டது. மலை அணிலும் அதைத் தின்னும், அதனால் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நாலைந்து காய் ஒரே இடத்தில், நன்றாகப் பிளந்து என்றால் என் பந்தயம் குரங்கின் பக்கம். பொண்ணு அழுதுகொண்டிருந்தபோது உங்கள் நாலு பேரில் யாராவது மேலே பார்த்தீர்களா?

பீளமேட்டான்

இல்லை.

டைகர்பிரியன்

ஹா ஹா. சரி, நான் தூங்கியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பீளமேட்டான்

இழையை ஏழு மாதம் கழித்துத் தூக்குகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கிறிஸ்துமஸ் லீவில் பையனை மட்டும் கூட்டிக்கொண்டு திரும்பவும் போனேன். பொண்ணு வரமாட்டேன் என்றுவிட்டாள், வீட்டுக்காரம்மா "நீங்களே போய் மேலே பார்த்துக்கொண்டு நில்லுங்கள்" என்றுவிட்டார். காலை முதல் ஜீப். அகளிக்காரர் சொன்னபடி வழிகாட்டியிடம் புலியைப் பற்றி வாயே திறக்கவில்லை, மரத்தைத்தான் கேட்டேன். மனுஷன் ஆளே மாறிவிட்டார். வழியில் மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைக்கச் சொன்னார். இன்ஜின் நின்று இரண்டு நிமிடம் எதுவும் இல்லை, அப்புறம் ஒவ்வொன்றாகச் சத்தம் வர ஆரம்பிக்கிறது. ஒரு பறவை, யாரோ பொடியன் பாட்டை மறந்து மறந்து விசிலடிப்பது போல. சீகார்ப் பூங்குருவி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். தலைக்கு மேலே உஸ்... உஸ்... என்று ரம்பம் இழுக்கிற மாதிரி ஒன்று போனது, அது இருவாச்சியின் இறக்கைச் சத்தமாம். பறவை தெரியவே இல்லை, சத்தம் மட்டும் கூரைக்கு மேலே போய்விட்டது.

சைரந்திரியில் கோபுரத்தில் ஏறினோம். முப்பது மீட்டர் உயரம், மே மாதம் ஏறியபோது செல்ஃபி எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டோம். இந்த முறை உச்சியில் நின்றோம். சாப்பாடெல்லாம் முப்பது மீட்டரில் என்று பூச்சி மேடம் எழுதியது அங்கேதான் ஞாபகம் வந்தது, நாங்கள் நின்றது அவர்கள் வீட்டு மாடியின் உயரம். கீழே ஒரே பச்சை, ஆனால் ஒரே பச்சை இல்லை, கொழுந்து விட்ட மரம் செம்பாக, பக்கத்தில் ஒன்று கிட்டத்தட்டக் கருப்பாக. வழிகாட்டி ஒரு கிளையைக் காட்டினார். ஆடியது. காற்றில்லை. மறுபடியும் ஆடியது, அடுத்த மரத்துக்குப் போனது. இலைக்கு நடுவே ஒரு வால், நுனியில் குஞ்சம். நாலு வினாடி இருக்கும்.

அவ்வளவுதான் பார்த்தேன். பையன் ஆறு குரங்கு என்கிறான், அதில் ஒன்று குட்டி என்கிறான். வழிகாட்டி இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. போட்டோ கிடையாது, அதனால் இந்தத் தடவை சொந்தக்காரர்களுக்கு எதுவும் அனுப்பவில்லை.

மழைக்காட்டுப்பூச்சி

குஞ்சம் பார்த்தீர்களா, உறுதியாக?

பீளமேட்டான்

உறுதியாக. தொடப்பக்கட்டை நுனி மாதிரி.

இன்னொரு கேள்வி. டிசம்பரில் அட்டை இருக்காது என்று நினைத்து சாக்ஸ் போடாமல் போய்விட்டேன். ஆற்றோரம் ஈரத்தில் ஒன்று ஏறிவிட்டது, அவசரத்தில் இழுத்துப் பிய்த்துவிட்டேன். பத்து நாளாகியும் கணுக்காலில் அந்த இடம் அரிக்கிறது. யாரிடமாவது கைவைத்தியம் இருக்கிறதா?

அகளிக்காரன்

பிய்க்கக்கூடாது. நகத்தை வாயின் ஓரத்தில் கொடுத்து மெதுவாகத் தள்ளியிருந்தால் தானே விட்டிருக்கும். அடுத்த முறை நாலு விரல் துணியில் புகையிலையும் சுண்ணாம்பும் முடிந்து கணுக்காலில் கட்டிக்கொள்ளுங்கள், எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். இப்போதைக்குச் சொறியாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சீழ் வைத்தால் டாக்டரிடம் போங்கள்.

ஓய்வுபெற்ற டீச்சர்

தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அந்த வழிகாட்டி எத்தனை குரங்கு என்று பையனிடம் தனியாகச் சொல்லியிருப்பார், கேட்டுப் பாருங்கள்.